பதினொரு கலயங்கள்

குண்டசாலைக்குப் போகும் பஸ், ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறும் முதல் வளைவில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இடத்தைக்கூடக் காட்டுவேன். இடது கைப் பக்கம் ஒரு பலாமரம், அதன் கீழே வெற்றிலைக் கடை. இயந்திரம் சூடேறி பஸ் அங்கே நின்றுவிட்டது. சாரதி இறங்கித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பெண், மடியிலிருந்த காகிதக் கட்டைச் சாரல் படாமல் மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டார். சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன், இத்தனை படிவங்களையும் நிரப்பி முடித்த பிறகு என்ன செய்வீர்கள் என்று.

ஒரு புத்தகமாக எழுதுவாராம். மூன்று பேராசிரியர்கள் அதை வாசிப்பார்களாம். பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். எல்லாவற்றுக்கும் தாக்குப்பிடித்தால் டாக்டர் பட்டம்.

எதைப் பற்றி எழுதுவதற்கு என்றேன்.

"ஒரு வீட்டுக்குக் கஷ்டம் வந்தால், மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி."

நான் வாயடைத்துப் போனேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

அதுவரை நான் கேள்விப்பட்டிருந்த பட்டங்கள் எல்லாம் எட்டாத பொருள்களைப் பற்றியவை. லத்தீன், நட்சத்திரங்கள், ரோமாபுரிச் சக்கரவர்த்திகள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஓர் ஒற்றை அறைக் காம்பராவில் காலையில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று கேட்பதற்கு, கறுப்பு அங்கி போட்ட மூன்று பேர் வரிசையாக உட்காருவார்களா? அதற்குச் சமூகப் பணி என்று பெயர், தன் நாட்டில் ஒன்றிரண்டு சர்வகலாசாலைகளில் அதற்கென்றே மேற்படிப்பு இருக்கிறது, பெண்களும் படிக்கிறார்கள், ஏன், பெண்கள்தான் கூட என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பஸ் மறுபடி கிளம்பியபோது, அந்தப் பட்டத்தை வாங்கியே தீருவது என்று நான் முடிவெடுத்திருந்தேன். சாரதிக்குத் தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவுதான் எனக்கும் ஆனது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு டீச்சர். அப்பா ரயில்வே சாமான் கொட்டகையில் கிளாக்கர். அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். லயங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததே காரணம்.

சனிக்கிழமைகளில் நான் ஓர் உதவிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவந்தேன். கடைவீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. நாலு கதிரை, ஒரு மேசை, பூட்டுத் திறக்காத ஓர் அலுமாரி. இதுதான் சங்கம். அதன் காரியதரிசி நீதிமன்றத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அமெரிக்கப் பெண் ஓர் அறிமுகக் கடிதத்தோடு அங்கே வந்தார். பேராதனையில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்களைப் பார்க்கவேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். காரியதரிசி அந்த வாக்கியத்தை எனக்குச் சொல்லி முடிக்கும் முன்னே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பஸ்ஸில் எடுத்த முடிவை அன்று இரவே வீட்டில் அறிவித்தேன். அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி எந்த ரயிலில் ஏறுவது மகள், அந்த ஸ்டேஷனுக்கு இங்கே டிக்கட் கொடுப்பதில்லையே என்றார். அம்மாவுக்கு இந்தச் சுற்றுவழி கிடையாது. "முதல்ல நீ காலையில எழும்பி அடுப்பை மூட்டு. பிறகு மூட்டுறவங்களைப் பற்றி எழுதலாம்."

நாங்கள் அந்தப் பஸ்ஸில் போனதற்கு அமெரிக்கப் பெண்ணின் படிப்பு மட்டும் காரணமில்லை. சங்கத்துக்கு ஒரு கொக்கோத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு பெண்ணின் கணவர் முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு அவள் கொக்கோக் கூடையோடு சரிவில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். கை கோணலாகவே கூடிவிட்டது. முழு வேலை செய்ய முடியவில்லை. ஆறு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன். தோட்டத்தால் பராமரிக்க வழியில்லை, பிள்ளைகளைச் சங்கம் நடத்தும் சிறுவர் இல்லத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தோட்டத்தை நடத்தும் துரையின் அலுவலகமான கந்தோரிலிருந்து கேட்டிருந்தார்கள். இல்லம் கண்டிக்கு மறுபுறம் இருந்தது. தாய்மார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். நீங்கள்தானே அந்தப் பக்கம் போகிறீர்கள், பார்த்து ஓர் அறிக்கை எழுதுங்கள், மாதக் கடைசியில் கமிட்டி முடிவெடுக்கும் என்றார் காரியதரிசி. அந்தப் பிள்ளைகள் தாயோடு இருப்பதா, பிரிவதா என்பது நான் எழுதப்போகும் ஒரு தாளில் இருந்தது. அதன் பாரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் பெயர் போட்டு நான் எழுதும் முதல் அறிக்கை என்பதுதான் உறைத்தது.

எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. பஸ் குண்டசாலைக்குப் போனது உண்மை. எங்கே இறங்கினோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதை விட்டுவிடுகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே கூரை. எதிரே புளித்துக்கொண்டிருந்த கொக்கோவின் வாசம். கள்ளையும் பழுத்த பழத்தையும் ஒன்றாக வைத்த மாதிரி. வேலை முடிந்து பெண்கள் வந்த பிறகு, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினோம். அமெரிக்கப் பெண்ணின் படிவத்தில் வீட்டுக்கு ஒரு தாள். ஆட்கள், வயது, வேலை, படுக்கை, துணிமணி, பாத்திரங்கள். அவர் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், பதிலை நான் எழுதுவேன்.

மூன்றாவது காம்பராவில், இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். லயத்தில் யார் பேசத் தொடங்கினாலும் கடைசியில் அவள்தான் முடிப்பாள் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. "சட்டி பானையெல்லாம் எண்ணுறீங்களே டீச்சரம்மா, எடுத்துட்டுப் போறதுக்கா, கொண்டாந்து குடுக்குறதுக்கா?"

இரண்டுக்கும் இல்லை என்றேன்.

"அப்ப எங்களுக்கே எண்ணத் தெரியுமே" என்றாள். முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அமெரிக்கப் பெண் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

கை முறிந்த பெண்ணின் காம்பரா கடைசிக்கு முந்தினது. கையைச் சேலைத் தலைப்பால் கழுத்தோடு கட்டியிருந்தாள். மகள், தம்பியை அரைஞாண் கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், ஓடிவிடுவான் என்பது போல. குடும்பம் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். நடக்குது என்றாள். பிள்ளைகள் நேற்று என்ன சாப்பிட்டார்கள்? சோறு. அரிசி ஏது? இருந்துச்சி. இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. 'பதில் திருப்தியாக இல்லை' என்று எழுதினேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போதே அறிக்கையின் முதல் படி என் கையில் தயார். பிள்ளைகளுக்கு உணவுக்கு உறுதியான வழியில்லை. இல்லத்தில் சேர்ப்பதே நல்லது. இங்கிலீஷில் அது இன்னும் அழகாக இருந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வீட்டையும் ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை கேட்க வேண்டும், முதல் தாளைப் பார்க்காமல். அதன்படி அடுத்த சனிக்கிழமையும் போய் எல்லாவற்றையும் மறுபடி கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ரயிலேறிப் பேராதனைக்குப் போனேன். அவர் இரண்டு வாரத்துத் தாள்களையும் மேசையில் ஜோடி ஜோடியாகப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது, பாத்திரக் கணக்கைத் தவிர.

அநேகமாக எல்லா அடுப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் அளவு, மேலே தேங்காய்ச் சிரட்டை மூடி. முதல் வாரம் பதினொரு காம்பராவில் ஆளுக்கு ஒன்று. கை முறிந்தவள் வீட்டில் மட்டும் இல்லை. இரண்டாம் வாரம் அவள் வீட்டில் ஒன்று இருந்தது. முதலாவது காம்பராவில் இல்லை. இரண்டு வாரமும் மொத்தம் பதினொன்றுதான். ஆனால் அந்த மொத்தத்தை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அமெரிக்கப் பெண் பார்த்தது இரண்டு தாள்களில் இருந்த இரண்டு பிழையை. நீ அவசரத்தில் இருந்திருப்பாய், பரவாயில்லை என்றார், மிகவும் அன்பாக.

அந்த அன்பு என்னைச் சுட்டது. எனக்கு எண்ணத் தெரியும். என்னைப் பற்றி நான் சத்தியம் பண்ணக்கூடிய ஒருசில விஷயங்களில் அதுவும் ஒன்று.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. யாரிடமும் சொல்லாமல் பகல் பஸ்ஸில் தனியாகப் போனேன், ஒரு கலயத்துக்காக. வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்கவில்லை. லயத்துக்குக் கீழே, மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் பீலியடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன். நாலு மணிக்கு மேல் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கைகால் கழுவினார்கள். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். இன்று எதை எண்ண வந்தாள் என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

அப்போது அந்த ஆறு வயதுப் பெண் வந்தாள். கையில் கலயம். அதைப் பீலியில் நன்றாகக் கழுவி, கவிழ்த்து உதறி, மேலே ஏறி முதலாவது காம்பராவில் கொடுத்தாள். பிறகு மூக்குத்திக்காரியின் காம்பராவுக்குள் போய் இன்னொரு கலயத்தோடு வெளியே வந்தாள். இப்போது நடை மாறிவிட்டது. திருவிழாவில் எரியும் மெழுகுதிரியோடு நடக்கிற பிள்ளையைப் போல, அடிமேல் அடிவைத்து, கண்ணை எடுக்காமல் நடந்தாள். நான் எழுந்து மேலே ஏறி, அவள் வழியில் நின்றேன்.

"என்னம்மா அது?"

"கலயம்."

"எதுக்கு?"

"அம்மா இரவல் வாங்கியாரச் சொன்னிச்சி."

வெறும் கலயத்தை ஏன் இப்படி ஏந்திக்கொண்டு வருகிறாய் என்று கேட்டபடி சிரட்டையைத் தூக்கினேன். கழுத்துவரை அரிசி.

மூக்குத்திக்காரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, என் கையிலிருந்த சிரட்டையை வாங்கிக் கலயத்தை மூடி, பிள்ளையை அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எண்ணிட்டீங்களா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் இடையிடையே திருத்தினார்கள். உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி கலயத்தில் போட வேண்டும். எல்லாக் காம்பராவிலும். எந்த வீட்டில் முடியவில்லையோ, அந்த வீட்டுப் பிள்ளை வந்து கலயத்தை இரவல் கேட்கும். யாரும் யாருக்கும் அரிசி கொடுப்பதில்லை. கலயம்தான் போகிறது. காலியானதும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு காம்பராக் கலயத்தைக் கேட்கலாம். வாங்கினவளும் அரிசி என்ற சொல்லைச் சொல்ல மாட்டாள், கொடுத்தவளும் சொல்ல மாட்டாள்.

இந்த வீட்டுக்குத் தேவை என்று யார் முடிவுசெய்வது என்று கேட்டேன். சங்கத்தில் அதற்கு ஒரு கமிட்டி இருக்கிறதே, அந்த நினைப்பு.

"யாரு சொல்லணும்? ஒரே கூரைக்குக் கீழதானே இருக்கோம். எந்த அடுப்புல பொக வரலைன்னு தெரியாதா?"

கை முறிந்தவளும் கலயத்தில் போடுகிறாள் என்று இன்னொருத்தி சொன்னாள். அவளிடம் சொந்தமாகக் கலயம் இல்லை, உடைந்துவிட்டது. இரவல் வந்த அரிசியை ஒரு கையால் களையும்போதும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, பக்கத்துக் காம்பராக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் உலையில் இடுவாளாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்களாம், கேட்கவில்லையாம்.

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். என்னையறியாமல் எடுத்ததுதான்.

"அத மட்டும் எழுதிப்புடாதீங்க டீச்சரம்மா." அவள் குரலில் இப்போது கேலி இல்லை. தோட்டத்தில் எங்களுக்கு அரிசி அளந்து போடுகிற நாளில் ஸ்டோரில் அளப்பவர் காதுக்கு இது எட்டினால், லயத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள், அப்படியானால் அளவு கூடத்தான் கொடுக்கிறோம் என்று அளவைத் தட்டிக் குறைத்துவிடுவார். கங்காணிக்குக்கூடத் தெரியாமல் வைத்திருக்கிறோம். நீங்கள் எழுதும் தாள் எங்கெங்கே போகுமோ, யாருக்குத் தெரியும்?

பென்சிலைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் அருகே இருந்த திகன ஊர் வியாபாரி ஒருவர், புள்ளைக்குச் சுகமில்லையா என்று என்னை விசாரித்தது மட்டும் நினைவிருக்கிறது. தலைவரும் காரியதரிசியும் அலுமாரியும் உள்ள ஒரு சங்கத்தில் நான் வேலை செய்கிறேன். எழுத்தறியாத பன்னிரண்டு காம்பராக்காரர்கள் அதைவிடத் துல்லியமான ஒன்றை, ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல், எத்தனை காலமாகவோ நடத்திவருகிறார்கள். உதவி வாங்குகிறவள் தலைகுனியக் கூடாது என்பதற்குக்கூட அதில் வழி செய்துவைத்திருக்கிறார்கள். அந்த வழியை யார் முதலில் யோசித்திருப்பாள்? அவள் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இன்னொன்றும் குத்தியது. அந்தக் கலயத்தை இருபத்திரண்டு தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பாத்திரங்கள்: மண்கலயம் ஒன்று. பாத்திரங்கள்: மண்கலயம் ஒன்று. ஒன்றிலும் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். வழக்கம்போல ஒரு பிடியை எடுத்து, அடுப்படி மாடத்திலிருந்த பிஸ்கட் தகரத்துக்குள் போட்டார். மாதா கோவிலுக்கான பிடியரிசி. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தகரத்தைப் பார்த்துவருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறேன். வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னடி, தகரத்தைப் புதுசாகப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாய் என்றார் அம்மா. புதிதாகத்தான் பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பேராதனைக்கு ஓடினேன். அமெரிக்கப் பெண்ணிடம் மட்டும் சொல்லலாம் என்று பெண்களிடம் புறப்படும் முன் அனுமதி வாங்கியிருந்தேன். கேட்டு முடித்ததும் அவர் முதலில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், எண்ணிக்கைக்காக. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தார். இங்கே வருவதற்கு முன் தன் நாட்டின் மலைக் கிராமங்களில் நிரப்பிய தாள்கள், கட்டுக் கட்டாக. இரண்டு வருட வேலை. தரையில் உட்கார்ந்து, பாத்திரங்கள் என்ற இடத்தை மட்டும் விரலால் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்தேன். கடைசிக் கட்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வீட்டுக்கு ஒரு தாள் வைத்தேன். இரண்டு தாளுக்கு நடுவே நடப்பதை எழுத இடமே வைக்கவில்லை."

டாக்டர் பட்டத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஒருவர், இரண்டு வருட வேலையைத் தரையில் பரப்பி, என் முன்னே தவறு என்று சொல்கிறார். அதில் பாதித் துணிச்சல் எனக்கு வருமா என்று தெரியவில்லை. அந்தப் படிப்பின் மேல் எனக்கிருந்த மதிப்பு அந்த நிமிஷத்தில் இரட்டிப்பானது.

ஆனால் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கலயத்தைப் பற்றி எழுதாவிட்டால், உணவுக்கு வழியில்லை என்ற என் வாக்கியம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் இல்லத்துக்குப் போவார்கள். எழுதினால் பிள்ளைகள் தாயோடு இருக்கலாம். ஆனால் அறிக்கையின் பிரதி துரையின் கந்தோருக்குப் போகும், பன்னிரண்டு காம்பராவின் கலயமும் போய்விடும். அமெரிக்கப் பெண்ணிடம் என்ன செய்வது என்று கேட்டேன். அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் நாமில்லையே என்றார்.

சனிக்கிழமை இருவரும் பீலியடிக்குப் போனோம். பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்கும்படி நான் எழுதிவைத்திருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். மூக்குத்திக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல வேள, நீங்க எழுதிட்டு வந்து எண்ணல. எண்ணிட்டு எழுதினதே இந்த லட்சணம்" என்றாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பேசினார்கள். ஒருத்தி, எழுதினால் எழுதட்டும், பிள்ளைகள் முக்கியம் என்றாள். இன்னொருத்தி, அடுத்த மழைக்கு உன் அடுப்பு அணைந்தால் எங்கே போவாய் என்று கேட்டாள். இரண்டும் சரியாகவே பட்டது.

அதுவரை ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதிருந்த கை முறிந்தவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"புள்ளைங்க எங்கெங்க இருக்குதுங்க, யாரு பாக்குறாங்கன்னு எழுதுங்க. அது பொய்யில்லையே. அடுப்படிக்குள்ள வராதீங்க."

அமெரிக்கப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்த்தபோது அவர் தன் படிவம் ஒன்றைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். வீட்டுக்கு ஒரு தாள் வேண்டாம், பிள்ளைக்கு ஒரு தாள் போடு என்றார். ஏழு நாள். காலை யார் எழுப்பினார்கள், யார் குளிப்பாட்டினார்கள், எங்கே சாப்பிட்டார்கள், தாய் வேலைக்குப் போனபோது யார் பார்த்துக்கொண்டார்கள். தாய்க்கும் வேலை இருந்தது; காயப்போட்ட கொக்கோக் கொட்டையை இடக்கையால் கிளறிவிடும் அரை வேலை. கேள்வியைக் கேட்டதும் பீலியடியே பேச ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை பையன் எங்கள் வீட்டில்தான் படுத்துத் தூங்கினான். செவ்வாய்க்கிழமை நான்தான் குளிப்பாட்டினேன், என் முகத்தில் துப்பிவிட்டான். என் மகனின் சட்டையைப் போட்டுக்கிட்டு அதைக் கிழிச்சிட்டும் வந்தான், அதையும் எழுதுங்க டீச்சரம்மா. எழுதினேன். இரண்டு தாளிலும் இடம் போதவில்லை, ஓரங்களிலும் எழுதினேன். என் அழகான இங்கிலீஷ் அறிக்கையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். பீலியில் போடச் சங்கடமாக இருந்தது.

கமிட்டிக்கு முன் காரியதரிசி அந்தத் தாள்களை விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். படிவத்தைத் தட்டிக் காட்டி, போமிலை இதுக்கு இடமில்லையே பிள்ளை என்றார். அதனால்தான் பின்பக்கத்தில் எழுதினோம் என்றேன். கிழிந்த சட்டை வந்த இடத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

"ஓம், ஏழு நாளும் பாத்தாச்சு. ஒரு நாளும் பட்டினி இல்லை. நான் கேக்கிறன், எட்டாம் நாள் என்ன செய்வினம்?"

நான் அந்தக் கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கமிட்டி கொஞ்ச நேரம் பேசியது. மூன்று மாதம் பிள்ளைகள் தாயோடு இருக்கட்டும். அதற்குள் இந்தக் கேள்விக்குப் பதிலோடு இன்னோர் அறிக்கை வரட்டும். அப்போது முடிவாகத் தீர்மானிக்கலாம் என்றார்கள். மாடிப்படியில் இறங்கும்போது காரியதரிசி மேல் எரிச்சலாக இருந்தது. ரயில் நிலையம்வரை நடப்பதற்குள் எரிச்சல் போய்விட்டது. அந்தக் கறுப்பு அங்கிக்காரர்கள் மூன்று பேரும் இதைத்தானே கேட்பார்கள்? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாமல் போனால், பன்னிரண்டு அடுப்பிலும் புகை வராவிட்டால், கலயம் எங்கிருந்து வரும்?

அமெரிக்கப் பெண் போன வாரம் கொழும்பில் கப்பலேறினார். மீந்த படிவங்களை எனக்கு விட்டுப்போனார், பின்பக்கங்களுக்காக. அவருடைய பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு முதலில் ஒரு பி.ஏ. வேண்டும். லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சையை இங்கிருந்தே எழுதலாம். அதற்கே நாலைந்து வருடம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் கப்பல். நேற்று வேலை முடிந்து வந்த அப்பா, கொழும்பு ரயிலின் கார்ட்காரர் கொண்டுவந்து கொடுத்ததாக ஓர் உறையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பரீட்சை விண்ணப்பம். "உனக்குத்தான் போம் நிரப்புறதில அனுபவம் இருக்கே மகள்" என்றார்.

இதை எழுதலாமா என்று பெண்களிடம் கேட்டுவிட்டேன். ஊரைச் சொல்லாமல் எழுதுங்கள், கலயம் இருந்த இடத்தையும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள் என்றார்கள். மாற்றியிருக்கிறேன்.

மூக்குத்திக்காரி கடைசியாகச் சொன்ன ஒன்று என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் மேல் லயம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இந்த லயம் முழுவதும் காய்ச்சலில் கிடந்தபோது, அங்கிருந்து பிள்ளைகள் ஓடையைத் தாண்டி வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று கேட்டேன். அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அங்கே போய்க் கேளுங்கள் என்றாள்.

எட்டாம் நாளுக்கான பதில் அங்கே இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். மேல் லயத்தில் என்னை யாருக்கும் தெரியாது. படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவர்களுடைய பீலியடியில் ஓரமாக ஒரு கல் பார்த்து உட்காரப்போகிறேன். அவர்கள் என்னிடம் ஏதாவது கேட்கும்வரை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பேசாமல் உட்கார எனக்கு வருமா என்பதுதான் முதல் பரீட்சை.